பொதுப் பிரதி

ஜனவரி 4, ஞாயிறு

ஹீட்டர் மறுபடி செத்துவிட்டது. போன வாரம்தான் ரிப்பேர்காரர் வந்து எதையோ திருகிவிட்டு, இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பத்து வருஷம் ஒரு வாரத்தில் முடிந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் டெல்லிக் குளிரைத் திட்ட வேண்டும், என்னையல்ல.

ஞாயிற்றுக்கிழமை என்றால் தம்பி வேலுவோடு பேச வேண்டும். அம்மா போன பிறகு நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். மற்ற நாட்களில் நானும் கூப்பிட மாட்டேன், அவனும் கூப்பிட மாட்டான். பள்ளிபாளையத்தில் பதினாறு விசைத்தறி வைத்திருக்கிறான். வியாபாரி நூல் கொடுப்பார், இவன் ரேயான் துணி நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வான். நூல் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, கூலித் தறிக்காரனுக்கு அதே கூலிதான். வெளிநாட்டு ரேயான் நூலுக்கு வரி போடலாமா என்ற வழக்கு என் மேசைக்கு வந்த அன்றே என் மேலதிகாரி பட்நாயக்கிடம் இதைச் சொன்னேன். “அப்படியானால் உங்கள் தம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்று சொல்லி, வழக்கை என் சட்டப் பிரிவிடமே விட்டுவிட்டார்.

இன்றைக்கு அவன் சொல்கிறான்: “அக்கா, கூலித் தறியெல்லாம் விட்டாச்சு. இனிமே சொந்த நூலு, சொந்தத் துணி.”

“என்னடா சொல்ற?”

“எத்தன நாளைக்கு அடுத்தவனுக்கே ஓட்டறது? ஜெய்ப்பூர்க்காரர் ஒருத்தரு ஒரு வருசத்துக்கு ஆர்டர் குடுத்திருக்கறாரு. மீட்டருக்கு ஒரே வெலை, வருசம் பூரா மாறாது. பேசி முடிச்சாச்சு.”

“நூல் வாங்கிட்டியா?”

“வாங்கோணும். எறங்கட்டும்னு இருக்கறேன். வரி வராதுன்னு ஈரோடே பேசுது. ஏனக்கா, வருமா?”

இத்தனை மாதத்தில் இதை அவன் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அதெல்லாம் என்னிடம் கேட்கக் கூடாது என்று பளிச்சென்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது “பாக்கலாம்” என்பதுதான். உடனே அவன் மகளின் பல்வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அவன் கேட்டபோது எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. சொல்லப் போனால் வழக்கு தோற்கும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் நாளைக்கே பட்நாயக்கிடம் சொல்லிவிட வேண்டும், தம்பி இப்போது கூலித் தறிக்காரன் இல்லையென்று.

ஜனவரி 5, திங்கள்

பட்நாயக் ஜெனீவாவில் இருக்கிறார், ஒரு வாரம் ஆகும். மின்னஞ்சலில் எழுதுகிற விஷயமா இது? வந்ததும் நேரில் சொல்வதுதான் முறை.

வழக்கு இதுதான். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் ஊரில் விற்பதைவிட மலிவாக ரேயான் நூலை இங்கே கொண்டுவந்து கொட்டுகின்றன, நாங்கள் ஆலையை மூட வேண்டியதுதான், தடுப்பு வரி போடுங்கள் என்று நம் ஆலைக்காரர்கள் எங்கள் அலுவலகத்தில் மனுப் போட்டிருக்கிறார்கள். வரி வந்தால் ஆலையும் அதில் வேலை செய்கிறவர்களும் பிழைப்பார்கள். நூலை விலைக்கு வாங்கி நெய்கிறவன் தலையில் கல் விழும். நேற்று வரைக்கும் அந்தக் கல்லுக்குக் கீழே எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் இரண்டு பிரதி. ரகசியப் பிரதியில் எல்லா எண்ணும் இருக்கும். ஊருக்குக் கொடுக்கும் பொதுப் பிரதியில் எண் இருக்கும் இடத்தில் மூன்று நட்சத்திரம் போட்டுவிடுவோம். வாங்கியது ***, விற்றது ***, நஷ்டம் ***. ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கு மட்டும் படிக்கிறவருக்குப் புரிய வேண்டும். ஒரு எண்ணும் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இருபத்துநாலு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஜனவரி 7, புதன்

ரிப்பேர்காரர் வரவில்லை. என்னோடு இந்த வழக்கைப் பார்க்கும் ஷீபாவுக்கு ஜலதோஷம். எனக்கும் வரப் பார்க்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

இன்று முடிவாகிவிட்டது. ***.

என் சொந்த நாட்குறிப்பில்கூட எழுத மாட்டேன். பழக்கம் அப்படி. காணொளியில் பட்நாயக் முகமெல்லாம் பல்லாக இருந்தார் என்பதை மட்டும் எழுதலாம். “நீங்கள் இல்லாவிட்டால் இது நின்றிருக்காது, செல்வநாயகி.”

உண்மைதான். எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஒரே கேள்வியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஆலைகளின் நஷ்டத்துக்கு இறக்குமதி காரணமா, ஏறிப்போன மின்கட்டணம் காரணமா? எங்களிடம் பதில் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது. அதே ஆலைகள் அதே கூரைக்குக் கீழே, அதே மின்சாரத்தில் பாலியஸ்டர் நூலும் நூற்கின்றனவே, அதில் நஷ்டம் உண்டா? ஷீபா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கணக்கைப் பிரித்தாள். பாலியஸ்டரில் லாபம். ரேயானில் மட்டும், அதுவும் இறக்குமதி பெருகிய காலத்திலிருந்து மட்டும், நஷ்டம். “மேடம், கிடைச்சாச்சு!” என்று அவள் கத்தியதில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். நானும் அவளோடு சேர்ந்து கைதட்டினேன். என்ன சந்தோஷம் எனக்கு! பிறகுதான் வேலுவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

அறிக்கையை எழுதி, சட்டம் பார்த்து, கையெழுத்தாகி வெளியிட இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை யாரும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. வெளியானதும் நூல் விலை எங்கே போய் நிற்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜனவரி 11, ஞாயிறு

நூல் வாங்கியிருப்பான் என்று ஒரு நம்பிக்கையில் கூப்பிட்டேன். வாங்கவில்லை.

“அர்த்தநாரி மாமா, வருசம் பூரா மாசாமாசம் இன்னிக்கு வெலைக்கே தர்றேன், பேசி முடிச்சுக்கலாம்ங்கறாரு. வேண்டாம்னுட்டேன்” என்றான்.

அர்த்தநாரி மாமா ஈரோட்டில் நூல் கடை வைத்திருக்கிறார். சொந்த மாமா இல்லை, அப்பாவின் சிநேகிதர். பொட்டப்பிள்ளைக்கு எதற்குக் கோர்ட்டு என்று ஒறம்பரை, சொந்தம் எல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தபோது, என்னைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டுபோய்க் கோவை சட்டக் கல்லூரியில் விட்டவர். அவர் வியாபாரத்தில் காகிதம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். கையில் இருப்பு வைக்காமலே மாதாமாதம் வெளியே வாங்கி அனுப்புவார்.

“ஏன் வேண்டாம்னுட்ட?”

“எறங்கப் போற நூல இன்னிக்கு வெலைக்கு நான் எதுக்குக் கட்டோணும்?”

“எறங்கும்னு யாருடா சொன்னா?”

“நீதான் சொன்ன.”

“நானா?”

“வரி வருமான்னு கேட்டதுக்குப் பாக்கலாம்னயில்ல? நம்மூட்டுல பாக்கலாம்னா என்ன அர்த்தம்? சைக்கிள் கேட்டேன், அம்மா பாக்கலாம்னாங்க. டூர் போறேன்னேன், பாக்கலாம்னாங்க. எது நடந்துச்சு சொல்லு!” என்று சிரிக்கிறான்.

நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்றால், வரி வரும் என்று சொன்னதாகிவிடும். ஆமாம் என்றால் பொய். பேசாமல் இருந்தால் அவன் நினைத்ததே உறுதியாகும். “ஏதோ சத்தம் கேக்குது, அடுப்புல பால்” என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

துணிக்கு விலை முடிந்துவிட்டது. நூலுக்கு விலை முடியவில்லை. வரி வந்தால் நெய்கிற ஒவ்வொரு மீட்டரும் நஷ்டம். தறிகளை அடகு வைத்துத்தான் இதில் இறங்கியிருக்கிறான். ஒரே ஒரு வார்த்தை. “வாங்கிக்கொள்” என்றால் போதும். அதே நேரத்தில் அந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் என்ன விலைக்கு எதைப் பேசி முடித்திருக்கிறார்களோ, அவர்களுக்கு எந்த அக்கா இருக்கிறாள்?

ஜனவரி 12, திங்கள்

பட்நாயக் வந்துவிட்டார், ஆளுக்கொரு சாக்லேட்டோடு. அறை நிறையக் கூட்டம். சாயங்காலம் தனியாகப் பிடித்தேன். அவர் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷனாம், மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் போய் என் தம்பியின் தறியைப் பற்றியா பேசுவது? மேலும், இப்போது என்னை இதிலிருந்து எடுத்தால் அறிக்கையைக் கெடுவுக்குள் முடிக்க ஆள் கிடையாது. கெடு தப்பினால் வழக்கே செல்லாது. இதுவும் உண்மைதானே.

நாளைக்கு.

ஜனவரி 13, செவ்வாய்

சொல்லவில்லை.

ஷீபா கேட்டாள்: “மேடம், அறிக்கையில பாலியஸ்டர் பாராவ ஏன் எடுத்தீங்க?” அவள் பாலக்காட்டுக்காரி, என்னோடு தமிழில்தான் பேசுவாள். நான் எடுத்ததே எனக்கு நினைவில்லை. நீளமாக இருக்கிறது என்று எடுத்திருப்பேன். “இதில்லன்னா கேஸ் நிக்காதே மேடம்” என்றாள். திரும்பச் சேர்த்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி எடுத்திருக்கிறேன். மறுபடி சேர்த்தேன். கண்ணாடிக்குப் பவர் மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். முனிர்க்கா மார்க்கெட்டில் கரும்பு வாங்கினேன், கட்டைவிரல் பருமன்தான். குக்கரில் பொங்கல் வைத்தேன். குக்கர் பொங்குமா? விசில்தான் அடித்தது.

காலையில் வேலுவுக்கு வாழ்த்துச் சொன்னேன். மத்தியானம் ஒருமுறை, சாப்பிட்டாயா என்று கேட்க. பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறானா என்பதையும் விசாரித்தேன். சாயங்காலமும் கூப்பிட்டேன். மனசில் எதையும் ரொம்பப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, ராத்திரி நன்றாகத் தூங்கு, குழந்தைகளை வெளியே எங்காவது கூட்டிக்கொண்டு போ என்று சொன்னேன். பண்டிகை நாள். அக்கா தம்பியைக் கூப்பிடக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

நூல் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று முறையும் பேசவில்லை. சத்தியமாகப் பேசவில்லை.

கடைசியில் அவன், “ஏனக்கா, உடம்பு கிடம்பு செரியில்லியா?” என்று கேட்டான். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். “செரிக்கா” என்று இழுத்தான்.

ஜனவரி 16, வெள்ளி

காய்ச்சல். ஆபீஸ் போனேன்.

ஜனவரி 18, ஞாயிறு

வேலுவை நான்தான் கூப்பிட்டேன். “சோலியா இருக்கறேன்க்கா, அப்பறம் பேசறேன்” என்று உடனே வைத்துவிட்டான். பின்னால் யாரோ மூட்டை இறக்கும் சத்தம். என்ன மூட்டை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது.

நாள் பூராவும் வீட்டைத் துடைத்தேன். துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்தேன். *** என்று எழுதியவள் நான். அது விழப்போகும் இடம் என் தம்பி வீடு. அவன் தறியை விற்று நிற்கும்போது அவன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

பட்நாயக்கிடம் இன்னும் சொல்லவில்லை. கையெழுத்தான பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

அறிக்கை வெளியாகிவிட்டது. இனி நட்சத்திரம் வேண்டாம். வரி போட வேண்டும் என்பதே முடிவு, ஐந்து வருஷத்துக்கு.

ஷீபா லட்டு வாங்கி வந்தாள். ஆலைக்காரர்களின் வக்கீல் கூப்பிட்டு, மூடுவதாக இருந்த ஒரு ஆலையில் ராத்திரி ஷிப்டை நிறுத்தப் போவதில்லை என்று முடிவெடுத்திருப்பதாகச் சொன்னார். நல்ல செய்திதான். லட்டைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டேன். போனை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலு கூப்பிடவில்லை. திட்டுவதற்காவது கூப்பிடுவான் என்று நினைத்தேன்.

ஜனவரி 21, புதன்

காலையிலேயே கூப்பிட்டான்.

“அக்கா, நீ நல்லாருப்ப.”

“என்னடா ஆச்சு?”

“நேத்து மத்தியானத்துல இருந்து நூலு எங்க போச்சு தெரியுமா? ஊரே தலையில கை வெச்சு உக்காந்திருக்குது. நான் தப்பிச்சேன். பொங்க நோம்பிக்கு மக்யா நாளே, வெள்ளிக்கெழமையே, அர்த்தநாரி மாமாகிட்டப் போயி பேசி முடிச்சுட்டேன். வருசம் பூராத்துக்கும் பழைய வெலை.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதை மறைக்க மாட்டேன். பிழைத்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

“வேண்டாம்னு சொல்லிட்டிருந்தவன், எதனால வாங்குன?” என்று கேட்டேன்.

“நீ சொன்னதாலதான்.”

“நான் ஒண்ணுமே சொல்லலையே வேலு!”

“அதேதான்! ஞாயித்துக்கெழமையத் தவுத்து நீ என்னைக்கு என்னயக் கூப்புட்டிருக்கற? நோம்பியன்னிக்கு மூணு வாட்டி. சாப்புட்டியா, மாத்தர போட்டியா, மனச உட்றாதன்னு எளவு ஊட்டுல பேசறாப்பல பேசற. நூலப் பத்தி மட்டும் வாயே தொறக்கல. வரி வராதுன்னா நீ எதுக்கு என்னய அப்பிடி விசாரிக்கோணும்? ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன், பட்டுனு புரிஞ்சுபோச்சு.”

எனக்கு மாமாவின் கடை ஞாபகத்துக்கு வந்தது.

“மாமா என்ன சொன்னார்?”

“என்ன சொல்லுவாரு. பேசுனது பேசுனதுதான் கண்ணு, அனுப்பறேன்னாரு. அவருகிட்ட இருப்பு இல்ல. இன்னிக்கு வெலைக்கு வெளிய வாங்கித்தான் எனக்கு அனுப்போணும். ஒரு வருசம். கடை தாங்காதுன்னு பேசிக்கறாங்க. பாவந்தான்.”

“வேலு, அந்தப் பேச்சை ரத்து பண்ணு. இன்னிக்கே போ.”

“ரத்து பண்ணிப்போட்டு? தறிய வித்துட்டு உன்ற ஊட்டுக்கு வந்து உக்காந்துக்கட்டுமா?”

“அவரு மாமாடா!”

“நான் உன்ற தம்பி. அன்னிக்கு அது உனக்குத் தெரிஞ்சுதான கூப்புட்ட?”

“நான் எதுக்கும் கூப்பிடலை. நோம்பின்னு கூப்பிட்டேன்.”

“செரி. நீ ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. வெச்சர்றேன்க்கா.”

அவன்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜனவரி 22, வியாழன்

பட்நாயக் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். விஷயம் கசிந்திருக்கிறது, என் வழியாக, என்றேன். அவர் பேனாவை மூடினார்.

“எது கசிந்தது? வரி விகிதமா, தேதியா?”

“சாப்பிட்டாயா என்று தம்பியைக் கேட்டேன்.”

சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி கூலித் தறியை விட்டதை, அவரிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டதை, பொங்கலன்று மூன்று முறை பேசியதை, ஈரோட்டில் ஒரு பெரியவர் கடையை இழக்கப் போவதை. முடித்ததும், “பொதுப் பிரதியைக் கொடுத்திருக்கிறீர்கள்” என்று மட்டும் சொன்னார்.

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். எல்லாம் ஆங்கிலத்தில்தான், ஆனாலும் வீட்டு மனிதர் பேசுகிற மாதிரி இருந்தது. “இதோ பாருங்கள். முன்னாலேயே சொல்லாதது தவறு, அதற்கு நான் உங்களைத் திட்டுவேன், அதோடு அது முடிந்தது. மற்றது? பண்டிகை நாளில் ஒரு அக்கா தம்பியிடம் பேசியிருக்கிறாள். ஊகித்தது அவன். நீங்கள் வெளியே வந்து சொன்னால் எதிர்த்தரப்பு இந்த அறிக்கையையே கிழித்துவிடும், அந்த ஆலைகள் மறுபடி மூடும் நிலைக்குப் போகும். அதனால் ஒரே ஒரு கேள்வி. அவனுக்குப் புரிந்துவிடும் என்று தெரிந்தா கூப்பிட்டீர்கள்? இல்லை என்று சொல்லுங்கள். இந்தக் கதவுக்கு வெளியே இது போகாது.”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதைச் சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. வேலுவிடம் நேற்றுச் சொன்னேன், இந்த நோட்டில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஷீபா யாருக்கோ மிச்ச லட்டைக் கொடுக்கும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

“நீங்கள் இல்லாமல் ஷீபா தனியாகச் சமாளிப்பாளா?”

சமாளிப்பாள் என்றேன்.